பரம்பரையும் சூழலும் பிள்ளையின் மனமும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்திலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மேடையிலே பேசும் பேறு எமக்குக் கிடைத்தது இதுவே முதன்முறை. பல்கலைக்கழகத்திலே இன்னும் படித்துக்கொண்டிருக்கும் மாணாக்கராகிய நாம், மூத்தோர் நிறைந்த இவ்வவைக்கு அறிவுரை கூற வரவில்லை. படித்தவற்றுட் பயனுடையன எனத் தோன்றிய சிலவற்றைப் பகிர்ந்துகொள்ளவே வந்துள்ளோம்.

நாம் பயின்றது ஒரு மிஷன் பாடசாலை. அங்கே ஆரம்ப வகுப்பிலே எம்முடன் ஒரு மாணவன் இருந்தான். வாங்கிலே ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் அவனால் இருக்க முடியாது. கேள்வி முடியுமுன் விடை சொல்வான், கொப்பியைத் தொலைப்பான், அயலிலுள்ளவனைச் சீண்டுவான். பிரம்படி அவனுக்கு அன்றாட உணவாயிற்று. அவனைப் பற்றி ஆசிரியர் ஒருவர், “தகப்பனும் இப்படித்தான் திரிந்தவர், பிள்ளை வேறெப்படி இருக்கும்?” என்பார். மற்றொருவர், “தாயின் வளர்ப்புச் சரியில்லை” என்பார். முன்னவர் பரம்பரையைக் குற்றஞ் சாட்டினார். பின்னவர் சூழலைக் குற்றஞ் சாட்டினார். இரண்டு தீர்ப்பும் அவன் முதுகின்மேலேயே விழுந்தன. வகுப்பிலிருந்த நாம் சிரித்தோம். எட்டாம் வகுப்போடு அவன் பாடசாலையை விட்டு நீங்கினான். இன்று எங்கிருக்கிறான் என்பதை நாம் அறியோம்.

அவ்வாசிரியர் இருவருட் சொன்னது சரியானவர் யார் என்னும் வினாவே இன்று எமது பொருள்.

எமது பழமொழிகளும் இவ்வினாவிலே இரண்டு பட்டே நிற்கின்றன. “விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா?” என்பது ஒன்று. “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது மற்றொன்று. முன்னது விதையைச் சொல்கிறது. பின்னது வளர்ப்பைச் சொல்கிறது. இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே வாயாற் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம்.

மேனாட்டிலே இவ்வழக்கை ஆராய்ச்சியாக்கியவர் சாள்ஸ் டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கோல்ற்றன். இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டு நோக்கினாற் பிறப்பின் பங்கையும் வளர்ப்பின் பங்கையும் பிரித்தறியலாம் என 1875இல் அவர் எழுதினார். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்க்குப் பரம்பரையலகுகள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. இரு கருவிலிருந்து தோன்றிய இரட்டையரோ மற்றைச் சகோதரரைப் போலச் சராசரி பாதியளவிலேயே ஒத்திருப்பர். இருவகையினரும் ஒரே வீட்டில் ஒரே காலத்தில் வளர்கின்றனர். ஆகவே ஒருகரு இரட்டையர் ஒரு குணத்திலே மிகுதியாக ஒத்திருப்பின், அக்குணத்திற் பரம்பரைக்குப் பங்குண்டென்பது புலனாகும். இம்முறையைக் கையாண்டு ஐம்பது ஆண்டுகளிலே உலகெங்கும் நடந்த ஆய்வுகளையெல்லாம் 2015இல் ஒருங்கே திரட்டிக் கணித்தனர். ஒரு கோடியே நாற்பத்தைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் சோடிகள் அக்கணக்கில் அடங்கின. மனிதருடைய பண்புகளிற் காணப்படும் வேறுபாட்டிலே சராசரி நூற்றுக்கு 49 பங்கு பரம்பரையால் வருவது என்பதே முடிவு. சரிபாதி என்றே கொள்ளலாம்.

இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. “சரிபாதி” என்றவுடன், ஒரு பிள்ளையின் கோபத்திலே பாதி தகப்பனிடமிருந்து வந்தது, பாதி அயலிலிருந்து வந்தது எனப் பலர் எண்ணிவிடுகின்றனர். அஃது அவ்வாறன்று. குத்துவிளக்கின் ஒளியிலே எண்ணெயின் பங்கு எவ்வளவு, திரியின் பங்கு எவ்வளவு என்று எவரேனும் பிரித்துச் சொல்வரோ? ஒன்றில்லையேல் ஒளியே இல்லை. ஆனால் நூறு விளக்குகளுக்கும் ஒரே எண்ணெயை ஒரே அளவாக வார்த்தால், அவற்றின் ஒளியில் உள்ள வேறுபாடு திரியால் வந்தது எனலாம். அந்நூற்றுக்கணக்கு ஒரு மக்கட் கூட்டத்திலுள்ள வேறுபாட்டைப் பற்றியதேயன்றித் தனிப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றியதன்று. சூழல் மாறினாற் கணக்கும் மாறும். எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லுணவும் நல்ல பாடசாலையும் கிடைக்கும் நாட்டிலே எஞ்சும் வேறுபாடு பெரும்பாலும் பரம்பரையாலேயே வரும். ஆகவே பரம்பரையின் பங்கு பெரிதென்று கேட்டு நாம் கைகட்டி இருத்தல் பேதைமையாகும்.

நிற்க, பரம்பரையால் வருவதை மாற்றவே முடியாதென்னும் எண்ணத்துக்கு விடையாக ஒரு வரலாற்றைக் கூறுவோம்.

நோர்வே நாட்டிலே 1934இல் ஒரு தாய் தன் இரு பிள்ளைகளையும் அஸ்பியோன் பொலிங் என்னும் மருத்துவரிடம் கொண்டுவந்தாள். பிறந்தபோது குறையேதுமின்றித் தோன்றிய அப்பிள்ளைகள் வளர வளர அறிவு வளர்ச்சி குன்றினர். பல மருத்துவரிடஞ் சென்றும் பயனில்லை. பிள்ளைகளின் சிறுநீரில் ஒருவகை மணம் வீசுகிறதென்று அத்தாய் மட்டும் விடாது சொல்லிவந்தாள். மருத்துவராயிருந்ததோடு இரசாயனமுங் கற்றிருந்த பொலிங், அதில் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலை இட்டார். அது எதிர்பாராத வண்ணம் பச்சை நிறமாயிற்று. பின்னர் அறிவுக் குறைபாடுடையோர் வாழ்ந்த விடுதிகளிலே தேடி மேலும் எண்மரிடம் அதனையே கண்டார். பீனைல்கீற்றோனூரியா என இன்று வழங்கும் நோய் இவ்வாறு வெளிப்பட்டது.

இது முற்றும் பரம்பரை நோய். தாய் தந்தை இருவரும் நோயின்றியே குறையுள்ள ஒரு பரம்பரையலகைச் சுமந்திருப்பர். பட்டாணிச் செடிகளை வைத்து மென்டல் என்னும் துறவியார் 1866இல் வெளியிட்ட விதியின்படி, அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு இந்நோய் வரக்கூடும். வந்தால், பீனைலலனீன் என்னும் அமினோவமிலத்தை மாற்றவேண்டிய நொதியம் உடலிற் சரியாகத் தொழிற்படாது. பாலிலும் முட்டையிலும் இறைச்சியிலும் உள்ள அப்பொருள் இரத்தத்திற் பெருகி வளரும் மூளையைக் கெடுக்கும். மற்றைப் பிள்ளைக்கு அமுதாகும் பால் இப்பிள்ளைக்கு நஞ்சாகிறது.

பேமிங்காம் நகரில் ஹோஸ்ற் பிக்கெல் என்பவரும் அவர்தம் துணைவரும், அவ்வமிலத்தைக் குறைத்த உணவைக் கொடுத்தால் நிலைமை சீராகும் என 1953இல் வெளியிட்டனர். ஆயினும் மூளை கெட்டபின் கொடுத்தாற் பயன் குறைவு. பிறந்தவுடன் தொடங்கல் வேண்டும். அதற்கு வழி கண்டவர் அமெரிக்கரான றொபேட் கத்றி. அவருடைய மகன் அறிவு வளர்ச்சி குன்றியவன். அவருடைய உறவுப் பெண் குழந்தை ஒன்றுக்கு இந்நோயே இருந்தது. பிறந்த குழந்தையின் குதிக்காலிலிருந்து சில துளி இரத்தத்தை ஒற்றுத்தாளில் எடுத்துச் சோதிக்கும் எளிய முறையை 1960களின் தொடக்கத்தில் அவர் வகுத்தார். அதன்பின் எத்தனையோ நாடுகளிலே இப்பரம்பரையோடு பிறந்த பிள்ளைகள் உணவைக் கட்டுப்படுத்தி, மற்றையோர் போலப் படித்துத் தொழில் செய்து வாழ்கின்றனர். அவர்களுடைய பரம்பரையலகு மாறவில்லை. உண்ணும் உணவே மாறியது.

பரம்பரையைத் தலைவிதி என்று கொள்வோர்க்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுமோ? வினைப்பயன் உண்டென்று நம்பும் நாமுங்கூடக் காய்ச்சல் வந்தால் மருந்துண்ணத் தவறுவதில்லையன்றோ?

இனிச் சூழலின் பக்கம் நோக்குவோம். உருமேனியாவில் சௌசெஸ்குவின் அரசு மக்கட்டொகையைப் பெருக்க விரும்பி 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தது. வளர்க்க வழியற்ற பெற்றோர் பிள்ளைகளை அரச விடுதிகளில் விட்டனர். 1989 டிசம்பரில் அவ்வரசு வீழ்ந்தபோது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவ்விடுதிகளில் இருந்தனர். அவர்களைத் தூக்குவாரில்லை, பேசுவாரில்லை. தொட்டிற் கம்பிகளே அவர்தம் உலகம்.

அவர்களிற் பலர் பிரித்தானியக் குடும்பங்களுக்குத் தத்துப் பிள்ளைகளாயினர். அவர்களுள் 165 பேரைச் சேர் மைக்கேல் றற்றரும் அவர்தம் குழுவினரும் வளர்ந்து ஆளாகும் வரை தொடர்ந்து ஆராய்ந்தனர். ஆறு மாதத்துக்குட் புதிய வீட்டை அடைந்த பிள்ளைகள் பெரும்பாலும் மற்றைப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தனர். அதற்குமேல் விடுதியிற் கிடந்தவர்களுட் பலரிடம் கவனக் குறைவு, அடங்காத துடிதுடிப்பு, முன்பின் அறியாதவரிடமும் வேற்றுமையின்றி ஒட்டிக்கொள்ளும் இயல்பு ஆகியன இளமைப் பருவம் கடந்தும் நிலைத்தன. ஆனால் நீண்டகாலம் விடுதியிற் கிடந்தவர்களுள்ளும் ஐவரில் ஒருவர் ஏறக்குறையக் குறையேதுமின்றி வளர்ந்தனர். ஒரே தொட்டில், ஒரே பசி. விளைவு மட்டும் வேறு. அவ்வேறுபாட்டிற் பிறப்போடு வந்தவற்றுக்குப் பங்கிருத்தல் கூடும்.

உருமேனியாவின் தலைநகரிலேயே 2000ஆம் ஆண்டிலிருந்து வேறோர் ஆய்வும் நடைபெற்றது. விடுதிப் பிள்ளைகள் 136 பேரிற் பாதிப்பேரைத் திருவுளச்சீட்டு முறையில் தேர்ந்து வளர்ப்புக் குடும்பங்களில் விட்டனர். அவர்தம் அறிவும் அன்புப் பிணைப்பும் மற்றையோரினும் மேம்பட்டன. இரண்டு வயதுக்கு முன்னர் குடும்பத்தை அடைந்தோர்க்கு நன்மை கூடியது. பிள்ளைக்குத் தாயன்பு உணவைப் போன்ற தேவை என்று 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிய ஜோன் போல்பியின் கொள்கைக்கு இவை வலுவூட்டுகின்றன.

அன்பு பரம்பரையலகின் தொழிற்பாட்டையே மாற்றவல்லது என்பதற்கும் சான்றுண்டு. மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழகத்திலே மைக்கேல் மீனியின் குழுவினர் எலிகளை ஆராய்ந்து 2004இல் ஒரு முடிவை வெளியிட்டனர். குட்டிகளை மிகுதியாக நக்கி வளர்க்கும் தாயெலிகளும் உண்டு. குறைவாக நக்குபவையும் உண்டு. மிகுதியாக நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் அச்சம் குறைந்தவையாயின. அச்சத்தை அடக்கும் பரம்பரையலகொன்று அவற்றின் மூளையிலே தடையின்றித் தொழிற்பட்டது. குட்டியைத் தாய் மாற்றி வளர்த்தபோது, பெற்ற தாயைப் போலன்றி வளர்த்த தாயைப் போலவே அது ஆயிற்று. எலியிற் கண்டதை மனிதர்க்கு அப்படியே பொருத்தல் தகாது. எனினும் பரம்பரையும் சூழலும் வேலியிட்டுப் பிரித்த இரு காணிகள் அல்ல என்பது இதனாற் புலனாகின்றது.

விஞ்ஞானமும் இத்துறையில் வழுக்கி விழுந்ததுண்டு; அதனையும் மறைத்தலாகாது. மனச்சோர்வுக்கு ஒரு தனிப் பரம்பரையலகே பெருங் காரணம் என்னும் கருத்து 2003 முதல் பல்லாண்டு முழங்கிற்று. 2019இற் பல இலட்சம் பேரின் தரவுகளை ஆராய்ந்தபோது அதற்கு ஆதரவில்லை எனக் கண்டனர். மனத்தின் தன்மைகளிலே ஆயிரக்கணக்கான பரம்பரையலகுகள் சிறிது சிறிதாகப் பங்குகொள்கின்றன என்பதே இன்றைய முடிவு.

இத்தகைய தவறுகளின் விலையை ஆய்வாளர் கொடுப்பதில்லை, எளியோரே கொடுக்கின்றனர். பரம்பரையே எல்லாம் என்றோர் என்ன செய்தனர்? அமெரிக்காவிலே அறிவு குன்றியோர் எனப்பட்டவர்களுக்கு வலிந்து மலடாக்குஞ் சிகிச்சை செய்வதை அந்நாட்டு உயர் நீதிமன்றம் 1927இல் ஏற்றது. ஜேர்மனியில் நாற்சிகள் 1933இல் அதற்கெனச் சட்டமியற்றிச் சுமார் நாலு இலட்சம் பேரை மலடாக்கினர். பின்னர் நோயாளரைக் கொல்லவும் துணிந்தனர். சூழலே எல்லாம் என்றோரும் தீங்கு செய்யாமலில்லை. ஓட்டிசம் என்னும் நிலைக்குத் தாயின் அன்பின்மையே காரணமென்று புறூனோ பெற்றல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் பரவிற்று. எத்தனையோ தாய்மார் செய்யாத குற்றத்துக்காக அழுதனர். 1977இல் இரட்டையர் 21 சோடியை ஆராய்ந்தபோதுதான் அந்நிலைக்குப் பரம்பரையே பெரிதும் காரணம் என்பது வெளியாயிற்று.

இனி, எமது வகுப்புத் தோழனிடம் மீள்வோம். கவனக் குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த நிலையிலே, பிள்ளைகளிடையே காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு 70க்கு மேல் பரம்பரையால் வருவதென்று இரட்டையர் ஆய்வுகள் கூறுகின்றன. அவனுக்கு இருந்தது அந்நிலைதானோ என மருத்துவரல்லாத நாம் சொல்லவியலாது. அவ்வாறாயின், தகப்பனும் இப்படித்தான் என்ற ஆசிரியர் சொன்னதில் உண்மையிருந்தது. ஆனால் அவ்வுண்மையிலிருந்து பிறக்கவேண்டியது பிரம்பன்று, இரக்கமும் உதவியுமே. மேலும் பிள்ளையும் தன் சூழலைத் தானே ஓரளவு ஆக்கிக்கொள்கிறது. அடங்கியிருக்கும் பிள்ளையை மடியில் இருத்துகிறோம்; துள்ளும் பிள்ளையை அடிக்கிறோம். அடிபட்ட பிள்ளை மேலும் முரடாகிறது; அதனால் மேலும் அடிபடுகிறது. அதே துடிதுடிப்புத் தகப்பனிடமும் இருப்பின், அவர் கை ஓங்குவதும் விரைவாகவே நிகழும். இவ்வாறு விதையும் நிலமும் ஒன்றையொன்று கெடுத்துச் செல்லும். அவ்வட்டத்தை வெட்டவேண்டியவர் பெரியவரேயன்றிப் பிள்ளையல்லர். “அடியாத மாடு படியாது” என்பது மாட்டுக்கும் உண்மையோ நாமறியோம், பிள்ளைக்கு உண்மையன்று. சுவீடன் நாடு 1979இல் வீட்டிலுங்கூடப் பிள்ளையை அடித்தலைச் சட்டத்தால் விலக்கியது.

எம் நாட்டுப் பிள்ளைகளுக்கோ அடி பல திக்கிலிருந்தும் வந்தது. 2009 மேயில் முடிந்த போரும், 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும் அவர்தம் இளமையைத் தின்றன. வடகிழக்கின் தமிழ் மாணவர் 296 பேரை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையொன்று ஓர் உண்மையை எடுத்துக்காட்டிற்று. போரைக் கண்டமையும் தகப்பனின் குடியும், பிள்ளைகள் வீட்டிலே அடிபடுவதோடு தொடர்புற்றிருந்தன; வீட்டு அடியும் போரைப் போலவே பிள்ளையின் மனத்தில் வடுவை விட்டது. போரை நிறுத்தும் வல்லமை ஒரு தகப்பனுக்கு இல்லை. குடியை நிறுத்தும் வல்லமை உண்டு. வேண்டின் அதற்கு மருத்துவ உதவியும் உண்டு.

அன்பர்களே! இவற்றாலெல்லாம் நாம் செய்யவேண்டுவன யாவை? மூன்றைக் கூறி அமைகின்றோம்.

முதலாவது: மனநோயை ஒளித்தல் வேண்டா. ஒரு வீட்டிலே ஒருவர்க்கு மனநோய் வந்தால், தங்கையின் கலியாணம் குழம்பிவிடும் என்றஞ்சி அறையிற் பூட்டிவைக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. பரம்பரை என்பது சாய்வேயன்றிச் சாபமன்று. ஒருகரு இரட்டையரிலுங்கூட ஒருவர்க்கு மனச்சிதைவு வர மற்றவர் சுகமாயிருத்தலே பெரும்பான்மை. ஒளித்துவைப்பதால் நோயாளிக்கு மருந்து தாமதமாகிறது, அவ்வளவே பயன். பெண் பார்க்கச் செல்லும் வாலிபராகிய நாமே இவ்வச்சத்தை நீக்கவேண்டியவர்கள். எம்மை எண்ணியே அப்பெற்றோர் கதவைப் பூட்டுகின்றனர்.

இரண்டாவது: குற்றவாளியைத் தேடுதல் வேண்டா. குறையுள்ள பிள்ளையைக் கண்டால், “யாருடைய இரத்தம்?” என்றும் “யாருடைய வளர்ப்பு?” என்றும் கேட்பதை விடுத்து, “இப்பிள்ளைக்கு எது உதவும்?” என்று கேட்போம். நோர்வேத் தாயின் சொல்லைப் பொலிங் செவிமடுத்ததுபோல, பெற்றவளின் சொல்லைச் செவிமடுப்போம்.

மூன்றாவது: எமது சங்கத்து மாலை வகுப்பிலே பிரம்பு இருத்தலாகாது. ஆங்கே கற்பிக்கும் நாம் ஒவ்வொருவரும், இருக்கமாட்டாது துள்ளும் பிள்ளைக்கு முன்வாங்கில் இடங்கொடுத்து, சிறுசிறு வேலையாகப் பகுத்து, முடித்தவுடன் நல்வார்த்தை சொல்லிப் பார்ப்போம். இதற்குப் பணச்செலவில்லை, பொறுமைச் செலவே உண்டு.

எந்தப் பிள்ளையும் தன் விதையைத் தானே தேர்ந்து வரவில்லை. தன் நிலத்தையும் தானே தேர்ந்து வரவில்லை. விதையை நாம் இன்று மாற்றவியலாது. நிலத்திலே ஒரு பகுதி எம் கையிலேயே இருக்கின்றது. அன்று வகுப்பிலே சிரித்த எம் சிரிப்பும் அப்பையனுடைய நிலத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது என்பதை நாம் மிகத் தாமதித்தே உணர்ந்தோம். அடுத்த பிள்ளைக்கு அவ்வாறு நேராதிருக்கட்டும்.